கட்டற்ற மென்பொருள் மாநாடு: அரங்குக்கு வெளியே நடப்பது என்ன?

2023 ஜனவரி 28, 29 ஆகிய நாள்களில் விழுப்புரத்தில் ஒரு மாநாடு நடந்தது. அதன் பெயர் ‘மினி டெப்கான்ஃப் தமிழ்நாடு’. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அதே ஆண்டு செப்டம்பர் 10 முதல் 17 வரை அதன் பெரிய வடிவமான ‘டெப்கான்ஃப்’ கொச்சியில் நடந்தது. 35 நாடுகளைச் சேர்ந்த 474 பேர் வந்திருந்தார்கள். 89 நிகழ்வுகள் நடந்தன. ஆண்டுதோறும் நாடு மாறி நடக்கும் இந்த மாநாடு இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை.

இரண்டுமே டெபியன் என்னும் இயங்குதளத்தை உருவாக்குவோரின் மாநாடுகள். இயங்குதளம் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் அதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. டெபியனுக்கு முதலாளி கிடையாது. உலகெங்கும் பரவியிருக்கும் ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்களும், அவர்களுக்கு வெளியே இன்னும் பல பங்களிப்பாளர்களும் சேர்ந்து அதை உருவாக்குகிறார்கள்.

இவர்கள் வேலை செய்வது முழுக்க இணையத்தின் வழியே. மாநாட்டு உரைகளும் நேரலையில் வருகின்றன. பிறகு பதிவாகவும் கிடைக்கின்றன. வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுவிடலாம். அப்படியிருந்தும் பலர் விடுப்பு எடுத்து, கைக்காசு போட்டு வருகிறார்கள். ஏன் வருகிறார்கள்? வந்து என்ன செய்கிறார்கள்?

புதுச்சேரி வாசகருக்கு இது தொலைதூரக் கேள்வி அன்று. இந்திய அளவிலான கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் உறுப்பாக ‘ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்ட்வேர் மூவ்மெண்ட்’ என்ற அமைப்பு இந்நகரில் இயங்குகிறது. பக்கத்து விழுப்புரத்தில் வி-குளக் என்று அழைக்கப்படும் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. ஜனவரி மாநாட்டை நடத்தியது அந்தக் குழுதான். நகரைச் சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. இத்தகைய மாநாட்டுக்குள் நுழையும் வாய்ப்பு இங்குள்ள மாணவர் பலருக்கு வரலாம். உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டு போவது நல்லது.

உரிமம் தருவதும் தராததும்

முதலில் அடிப்படை. மென்பொருளை மனிதர்கள் எழுதும் வடிவத்துக்கு மூலநிரல் என்று பெயர். மூலநிரல் கையில் இருந்தால்தான் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று படிக்கவும், அதைத் திருத்தவும் முடியும். யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், பகிரலாம், திருத்தி வெளியிடலாம் என்ற நான்கு உரிமைகளோடு வரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். இந்த உரிமைகளை எழுதித் தரும் ஆவணம் உரிமம்.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இயங்குதளத்தின் கருவான லினக்ஸை வெளியிட்டார். 1993இல் இயன் மர்டாக் இவ்விரண்டையும் சேர்த்து டெபியனைத் தொடங்கினார். 1998இல் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற மறுபெயர் வழக்கத்துக்கு வந்தது. தமிழில் அதைத் திறமூலம் என்கிறோம். இரண்டு பெயர்களுக்கும் பின்னால் கொள்கை வேறுபாடு உண்டு. ஆனால் மாநாடுகளில் இரு சாராரும் ஒன்றாகவே உட்கார்ந்திருப்பார்கள். இக்கட்டுரையில் கட்டற்ற மென்பொருள் என்ற பெயரையே பயன்படுத்துவோம்.

உரிமம் ஒன்றைத் தருகிறது, மற்றொன்றைத் தருவதில்லை. உங்களிடம் உள்ள படியை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம். அந்த உரிமையை உரிமம் தருகிறது. உங்கள் திருத்தத்தை மூலத் திட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எந்த உரிமமும் சொல்வதில்லை. அதை முடிவு செய்பவர் பராமரிப்பாளர். ஒரு மென்பொருளுக்கு வரும் திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் பொறுப்பை ஏற்றவருக்கே அந்தப் பெயர்.

ஒரு சூழலைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு மாணவி தன் கணினியில் தமிழ் உயிர்மெய் எழுத்து ஒன்று உடைந்து தெரிவதைக் கவனிக்கிறார். மூலநிரலைப் படித்துப் பிழையைக் கண்டுபிடிக்கிறார். திருத்தம் எழுதி அனுப்புகிறார். பராமரிப்பாளர் வேறொரு கண்டத்தில் இருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. வேலை முடிந்த பிறகு இரவில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் இந்தப் பொறுப்பைப் பார்ப்பவர் அவர். அவர் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்தத் திருத்தம் சரியா? நாளை இதனால் வேறொன்று பழுதானால், இதை எழுதியவர் வந்து உதவுவாரா?

முதல் கேள்விக்கு நிரலைப் படித்தால் விடை கிடைக்கும். இரண்டாவது கேள்வி ஆளைப் பற்றியது. நிரலுக்குள் அதற்கு விடை இல்லை. கட்டற்ற மென்பொருள் உலகில் சமூகம் என்ற சொல் இவ்வளவு அடிபடுவதற்குக் காரணம் இந்த இரண்டாவது கேள்வி. மாநாட்டின் தேவையும் இங்கிருந்தே தொடங்குகிறது.

ஆணையிட ஆள் இல்லாத இடம்

நிறுவனத்தில் கருத்து வேறுபாடு வந்தால் மேலாளர் முடிவு சொல்வார். டெபியனில் மேலாளர் இல்லை. அதற்கு 1998 முதல் எழுதப்பட்ட அரசியல் சாசனம் இருக்கிறது. உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எண்ணிட்டு வாக்களிக்கும் முறை அங்கே உண்டு. ஆனால் திட்டத்துக்காக வேலை செய்யும்படி இந்தச் சாசனம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தலைவராலும் ஓர் உறுப்பினரிடம் “இதைச் செய்” என்று ஆணையிட முடியாது. கேட்கலாம், வாதிடலாம், இணங்க வைக்கலாம். அவ்வளவே.

ஆணை இல்லாத இடத்தில் பேச்சுதான் கருவி. அந்தப் பேச்சு பெரும்பாலும் எழுத்தில் நடக்கிறது. எழுத்தில் குரல் இல்லை, முகம் இல்லை. ஒருவர் சுருக்கமாக எழுதினால் கோபமாக எழுதியதாகத் தோன்றும். ஆங்கிலத்தைப் பின்னர் கற்றவர் எழுதும் நேரடி வாக்கியம் அதட்டல்போல் ஒலிக்கும். பதில் வருவதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். அதற்குள் மனக்கசப்பு வளர்ந்துவிடும்.

சண்டைகள் பெரிய விஷயத்தில் மட்டும் வருவதில்லை. 1957இல் நார்த்கோட் பார்க்கின்சன் என்ற எழுத்தாளர் இதை வேடிக்கையாக விளக்கினார். ஒரு குழு அணு உலைத் திட்டத்துக்குச் சில நிமிடங்களில் ஒப்புதல் தந்துவிடுகிறது. அதே குழு சைக்கிள் கொட்டகைக்கு நெடுநேரம் விவாதிக்கிறது. அணு உலை யாருக்கும் புரிவதில்லை. கொட்டகை எல்லோருக்கும் புரிகிறது. 1999இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற மற்றோர் இயங்குதளத் திட்டத்தைச் சேர்ந்த பால்-ஹென்னிங் கேம்ப் தங்கள் விவாதங்களும் இப்படித்தான் நடக்கின்றன என்று எழுதினார். அன்று முதல் சிறு விஷயத்தில் நீளும் விவாதத்தை இவ்வுலகில் சைக்கிள் கொட்டகை என்றே அழைக்கிறார்கள்.

உண்மையிலேயே பெரிய விஷயங்களும் உண்டு. கணினி தொடங்கும்போது மற்ற நிரல்களையெல்லாம் கிளப்பிவிடும் நிரலாக எதை ஏற்பது என்ற கேள்வியில் டெபியன் 2014இல் இரண்டுபட்டது. சிஸ்டம்டி என்ற நிரல் தேர்வானது. அதை ஏற்காத ஒரு பகுதியினர் டெவுவான் என்ற பெயரில் தனி இயங்குதளம் தொடங்கினார்கள். இப்படிப் பிரிந்து போவதைக் கிளைத்தல் என்கிறார்கள். கிளைக்கும் உரிமையைத் தருவது உரிமம். கிளைக்காமல் சேர்ந்து இருக்க வேண்டுமானால் மனிதர்களுக்கிடையே பிணைப்பு வேண்டும்.

கூடும்போது நடப்பவை

இப்போது மாநாட்டுக்குள் நுழைவோம். நிகழ்ச்சி நிரலில் முதலில் கண்ணில் படுவது உரைகள். ஒருவர் மேடையில் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். இது எல்லோரும் அறிந்த வடிவம்.

இரண்டாவது, குழுக் கலந்துரையாடல். இங்கே மேடை கிடையாது. ஒரே வேலையில் ஈடுபட்டவர்கள் ஓர் அறையில் வட்டமாக உட்கார்ந்து சிக்கல்களைப் பேசுவார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் ஓர் அறையில் இருப்பார்கள். பாதுகாப்புக் குழுவினர் வேறோர் அறையில் இருப்பார்கள். முடிவுகளைக் குறித்துப் பிறகு எல்லோருக்கும் அனுப்புவார்கள்.

மூன்றாவது, கூட்டுவேலை நாள்கள். கொச்சியில் மாநாட்டுக்கு முந்தைய வாரம், செப்டம்பர் 3 முதல் 9 வரை, டெப்கேம்ப் நடந்தது. அதில் உரைகளுக்கு முதலிடம் இல்லை. ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்வதே நோக்கம். பல வாரங்கள் எழுத்தில் இழுபட்ட ஒரு சிக்கல் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசியவுடன் தீர்ந்துவிடுவதுண்டு.

நான்காவது, மின்னல் உரை. ஆளுக்கு ஐந்து நிமிடம் போலக் கொஞ்ச நேரம். புதியவர்கள் முதன்முதலாக மேடை ஏறுவதற்கு ஏற்ற வடிவம் இது. உரை சரியாக அமையாவிட்டாலும் பெரிய இழப்பு இல்லை. நன்றாக அமைந்தால் அடுத்த இடைவேளையில் இரண்டு பேராவது தேடி வந்து பேசுவார்கள்.

ஐந்தாவது எந்த நிகழ்ச்சி நிரலிலும் இருக்காது. அது நடைவழிப் பேச்சு. தேநீர் இடைவேளையில், சாப்பாட்டு வரிசையில், அரங்குக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தில் நடக்கும் உரையாடல் அது. பலமுறை மாநாடு கண்டவர்களைக் கேட்டால், இதற்காகவே வருவதாகப் பலர் சொல்வார்கள். பாதி உரைகளைத் தவறவிட்டுத் தாழ்வாரத்திலேயே நாளைக் கழிப்பவர்களும் உண்டு. உரையைப் பிறகு பதிவில் பார்க்கலாம். தாழ்வாரத்தைப் பதிவு செய்ய முடியாது.

விருந்தும் இதில் ஒரு பகுதி. டெப்கான்ஃப் முதன்முதலில் 2000இல் பிரான்சின் போர்தோ நகரில் நடந்தது. 2005இல் ஹெல்சிங்கியில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கிய அறையில் பாலாடைக்கட்டியும் ஒயினும் வைத்துத் திட்டமிடாத ஒரு விருந்து நடந்தது. அடுத்த ஆண்டு முதல் அதுவே மாநாட்டின் முறையான நிகழ்வாகிவிட்டது. ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பண்டத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். முந்தைய மாதம் எழுத்தில் மோதிக்கொண்ட இருவர் ஒரே தட்டில் கை வைத்துவிட்டால், அடுத்த மடலை இருவரும் சற்றுப் பொறுமையோடு படிப்பார்கள். இந்த நடைமுறைப் பயனுக்காகவே விருந்துக்கும் நிகழ்ச்சி நிரலில் இடம் தருகிறார்கள்.

நம்பிக்கையைச் சரிபார்ப்பது

நேரில் சந்திப்பதில் இன்னொரு பயன் உண்டு. அது தொழில்நுட்பம் சார்ந்தது. டெபியனில் மென்பொருளை நேரடியாகச் சேர்ப்பவர் அதில் மின்னணு முறையில் கையொப்பமிட வேண்டும். அதற்கு ஒரு மறைக்குறியீட்டுச் சாவி தேவை. அந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்கள் சான்று கூற வேண்டும். வழக்கமாக இருவரும் நேரில் சந்திப்பார்கள். ஒருவர் கடவுச்சீட்டையோ அரசு அடையாள அட்டையையோ காட்டுவார். மற்றவர் சரிபார்த்து, அந்தச் சாவியில் தம் கையொப்பத்தைச் சேர்ப்பார். இதைச் சாவிக் கையொப்பம் என்கிறார்கள். ஒரே நாளில் பல உறுப்பினர்களைச் சந்திக்க முடிவதால் மாநாடு இதற்கு வசதியான இடம்.

இந்த நம்பிக்கை எவ்வளவு முக்கியம் என்பதை 2024 காட்டியது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்-இசட் என்ற மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஒரே தன்னார்வலர் பராமரித்து வந்தார். 2021இலிருந்து ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள் பராமரிப்பாளரை நெருக்கினார்கள். வேலை தாமதமாகிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்றார்கள். களைத்திருந்த அவர் ஜியா டானுக்குப் பொறுப்பில் பங்கு தந்தார். 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் கள்ளக்கதவு ஒன்று ஒளிந்திருந்தது. வெளியாள் கணினிக்குள் நுழையப் பயன்படும் வழி அது.

மார்ச் மாத இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் உருவாக்கநிலைப் பதிப்பு ஓடிய தம் கணினியில் தொலைநுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்தார். ஜியா டான் யார் என்று இன்றுவரை வெளியே தெரியாது.

நேரில் சந்தித்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. போலி அடையாளத்தோடு மாநாட்டுக்கும் வரலாம். ஆனால் இந்தத் தாக்குதல் பயன்படுத்திய ஓட்டை முதலில் நிரலில் இல்லை. ஒரு மனிதரின் தனிமையிலும் களைப்பிலும் இருந்தது. பராமரிப்பாளர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்திருந்தால், “எனக்கு முடியவில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல ஆள் இருக்கும். மாநாடு அந்த அறிமுகத்தைத் தரும் வழிகளுள் ஒன்று.

திறந்த கதவும் தெரியாத படிநிலையும்

இதுவரை சொன்னது கூடலின் நன்மை. இனி அதன் சிக்கல்.

கட்டற்ற மென்பொருள் சமூகங்கள் தங்களிடம் மேல் கீழ் இல்லை என்று சொல்லிக்கொள்ளும். வேலை செய்பவருக்கே மதிப்பு என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கக் குழுக்களைக் கவனித்து எழுதிய ஜோ ஃப்ரீமன் ஓர் எச்சரிக்கை தந்தார். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது என்றார் அவர். எழுதப்பட்ட அமைப்பு இல்லாத இடத்தில் எழுதப்படாத அமைப்பு ஒன்று உருவாகிவிடும். நண்பர் வட்டமே அதிகார வட்டமாகிவிடும். யாரும் தேர்ந்தெடுக்காத அந்த வட்டத்தை யாரும் கேள்வி கேட்கவும் முடியாது.

மாநாட்டுத் தாழ்வாரத்தில் இதைக் காணலாம். பழைய நண்பர்கள் வட்டமாக நிற்பார்கள். ஓராண்டுக்குப் பிறகு சந்திக்கிறார்கள். பேச நிறைய இருக்கும். புதிதாக வந்த மாணவர் இரண்டடி தள்ளி நிற்பார். அவரை யாரும் விலக்கவில்லை. யாரும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. பத்து நிமிடம் கழித்து அவர் கைப்பேசியை எடுத்துவிடுவார்.

இதற்கு எளிய ஒரு வழக்கத்தை எரிக் ஹோல்ஷர் என்பவர் பரப்பினார். அதன் பெயர் பேக்மேன் விதி. பழைய கணினி விளையாட்டில் வரும் வாய் திறந்த வட்ட உருவம்தான் பேக்மேன். வட்டமாக நின்று பேசும்போது, ஒருவர் வந்து நிற்கும் அளவு இடைவெளியை எப்போதும் விட்டுவையுங்கள் என்பது விதி. யாராவது வந்து நின்றால், மேலும் ஒருவருக்கு இடம் விட வேண்டும். செலவில்லாத விதி. ஆனால் யாராவது சொல்லித் தந்தால்தான் நினைவில் நிற்கும்.

நம் பகுதியில் வேறு தடைகளும் சேர்கின்றன. முதலாவது மொழி. உரை ஆங்கிலத்தில் நடந்தால் தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் கேள்வி இருந்தும் கை தூக்க மாட்டார். முழுக்கத் தமிழில் நடந்தால் வெளியூர் வல்லுநர் ஒதுங்கி நிற்பார். இரண்டு மொழியிலும் கேட்கலாம் என்று தொடக்கத்திலேயே மேடையில் அறிவிப்பது ஒரு தீர்வு.

இரண்டாவது வயது. நம் ஊரில் மாணவர்கள் மூத்தவரை ‘சார்’, ‘மேடம்’ என்றுதான் அழைப்பார்கள். மூத்தவரின் நிரலில் பிழை காட்டுவது மரியாதைக் குறைவாகத் தோன்றும். பிழை காட்டுவதே இந்தச் சமூகத்தில் பங்களிப்பின் முதல் படி. ஆகவே “என் நிரலில் பிழை இருந்தால் சொல்லுங்கள்” என்று மூத்தவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது நேரமும் பயணமும். மாலை ஏழு மணிக்குப் பிறகு நடக்கும் நிகழ்ச்சிக்கு விடுதி மாணவியர் பலரால் இருக்க முடியாது. மாநாட்டின் நெருக்கமான உரையாடல்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தொடங்குகின்றன. பெண்கள் குறைவாக இருப்பதற்கு ஆர்வமின்மையைக் காரணமாகச் சொல்லும் முன் நேர அட்டவணையையும் பார்க்க வேண்டும்.

நடத்தை நெறி எதற்கு

இதே தொடரில் வருவது நடத்தை நெறி. மாநாட்டில் எது ஏற்கத்தகாதது, அது நடந்தால் யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும் என்பவற்றை எழுதிவைக்கும் ஆவணம் அது. 2011இல் தொடங்கிய அடா முனைப்பு என்ற அமைப்பு, மாநாடுகளில் பெண்கள் சந்தித்த தொல்லைகளை முன்வைத்து, இத்தகைய நெறிகளைப் பரவலாக்கியது. டெபியன் 2014இல் வாக்கெடுப்பின் மூலம் தன் நெறியை ஏற்றது. லினக்ஸ் திட்டம் 2018இல் ஏற்றது.

எதிர்ப்பும் இருந்தது. பெரியவர்களுக்கு ஒழுக்கப் பாடம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நெறியைக் காட்டிக் கருத்து மாறுபடுவோரை அடக்கிவிடலாம் என்று வேறு சிலர் அஞ்சினார்கள். ஆதரிப்போர் சொன்னது வேறு. எழுதாவிட்டாலும் விதி இருக்கத்தான் செய்கிறது; பழையவர்களுக்கு அது தெரியும், புதியவர்களுக்குத் தெரியாது; எழுதிவைத்தால் இருவருக்கும் ஒரே அளவு தெரியும் என்றார்கள். ஃப்ரீமன் சொன்னதன் நீட்சி இது.

ஆவணத்தைவிட நடைமுறை முக்கியம் என்பதற்கு 2013இல் அமெரிக்காவில் பைகான் என்ற நிரலாளர் மாநாட்டில் நடந்த நிகழ்வு ஒரு பாடம். பின்வரிசையில் இருவர் பாலியல் சாயலோடு பேசியதாகக் கேட்ட ஒரு பெண், அவர்களைப் படமெடுத்து இணையத்தில் வெளியிட்டார். அமைப்பாளர்கள் இரு தரப்பிடமும் பேசி விஷயத்தை அங்கேயே கையாண்டார்கள். ஆனால் படம் அதற்குள் பரவிவிட்டது. பேசியவர்களில் ஒருவர் வேலை இழந்தார். பிறகு இணையத்தில் அந்தப் பெண்ணுக்கு மிரட்டல்கள் குவிந்தன. அவரும் வேலை இழந்தார். இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடுகிறார்கள். அமைப்பாளர்களுக்கு இதில் ஒன்று தெளிவானது. முறையீட்டை ரகசியமாகச் சொல்லவும், சொன்னதற்கு உடனே பலன் காணவும் வழி இருந்தால், வீதிக்குப் போக வேண்டிய தேவை குறையும்.

இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். கல்லூரியில் மாநாடு நடத்துபவர்கள் அங்குள்ள உள்ளகக் குழுவின் தொடர்பு விவரத்தையும் தங்கள் நெறியோடு சேர்த்து அறிவிக்கலாம்.

சட்டைக்காக வந்த திருத்தங்கள்

மாநாடு மாணவர்களைச் சமூகத்துக்குள் கொண்டுவரும் வாயில். ஆனால் வாயிலில் என்ன பரிசு வைக்கிறோம் என்பது யார் வருகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கும். 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு நடக்கிறது. குறித்த எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்பினால் டி-சட்டை பரிசு என்பது அதன் விதியாக இருந்தது. நோக்கம் நல்லது. 2020இல் அது பிசகியது. இந்தியாவில் மாணவர்களிடம் பரவிய ஒரு காணொளி, எளிதாகத் திருத்தம் அனுப்பும் வழியைக் காட்டியது. ஒரு சொல்லைச் சேர்ப்பது, ‘அருமையான திட்டம்’ என்று எழுதுவது போன்ற பயனற்ற திருத்தங்கள் வெள்ளமாக வந்தன. உலகெங்கும் பராமரிப்பாளர்கள் அவற்றை நிராகரிப்பதிலேயே நாள்களைச் செலவிட்டார்கள். விரும்பும் திட்டங்கள் மட்டும் சேர்ந்துகொள்ளலாம் என்று அந்த அக்டோபரிலேயே விதியை மாற்றினார்கள்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது. எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் எண்ணிக்கைதான் வரும். கல்லூரி மாநாடுகளில் சான்றிதழுக்கும் இதே விதி பொருந்தும். வருகைப் பதிவுக்காக நிரப்பிய அரங்கில் கூட்டம் இருக்கும், உரையாடல் இருக்காது. சான்றிதழ் கூடாது என்பதில்லை. சிறு நகரத்து மாணவருக்கு வேலை தேடும்போது அது உதவலாம். மாநாட்டின் மையமாக அது ஆகிவிடக் கூடாது, அவ்வளவே.

நடத்துபவர்களின் சுமை

இவை எல்லாவற்றையும் நடத்துபவர்களும் தன்னார்வலர்களே. அரங்கு பிடிப்பது, சாப்பாடு ஏற்பாடு செய்வது, ஒளிப்பதிவு, நிறுவனங்களிடம் நன்கொடை கேட்பது எல்லாம் அவர்கள் வேலை. வர வசதியில்லாதவர்களுக்குப் பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கு டெப்கான்ஃப் உதவித்தொகை தருகிறது. விண்ணப்பங்களைப் படித்து யாருக்குத் தருவது என்று முடிவு செய்வதும் தன்னார்வலர் குழுவே. நன்கொடை தரும் நிறுவனங்களுக்கு ஆள் சேர்க்கும் நோக்கம் இருக்கும். அதில் தவறில்லை, யார் என்ன தந்தார்கள் என்பது வெளிப்படையாக இருந்தால் போதும்.

மாநாடு முடிந்ததும் நடத்தியவர்கள் களைத்துப்போவார்கள். சில குழுக்கள் ஒரு பெரிய மாநாட்டோடு ஓய்ந்துவிடுவதுண்டு. ஒரு முறை நடத்துவதைவிடத் தொடர்ந்து கூடுவது கடினம். சென்னையில் 1998இல் தொடங்கிய இந்திய லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை கூடுவதை வழக்கமாக்கிக்கொண்டது. அங்கே பந்தல் இல்லை, பரிசு இல்லை. தமிழகத்தில் பின்னால் நடந்த பல மாநாடுகளுக்கு ஆள் தந்தவை இத்தகைய சிறு கூட்டங்களே. விழுப்புரத்தில் டெபியன் மாநாடு சாத்தியமானதும் அங்கே ஏற்கெனவே ஒரு குழு இருந்ததால்தான்.

எதைக் கொண்டு அளப்பது

ஆக, கட்டற்ற மென்பொருள் மாநாடு தகவல் பரிமாற்றத்துக்கான இடம் மட்டும் என்றால் அதற்கு இன்று தேவை குறைவு. தகவல் இணையத்திலேயே கிடைக்கிறது. அது செய்யும் தனி வேலை, நிரலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைத் தெரியவைப்பது. யாரை நம்பலாம், யாரிடம் கேட்கலாம், யார் களைத்திருக்கிறார் என்பது அங்கே தெரிகிறது. அந்த அறிவு பழைய வட்டத்துக்குள்ளேயே சுற்றினால் மாநாடு ஒரு நண்பர் சந்திப்பு. புதியவருக்கும் கிடைத்தால் அது சமூகம் வளரும் வழி. எழுதிவைத்த விதிகளும், மாலை ஆறு மணிக்கு முடியும் அட்டவணையும், இரு மொழிக் கேள்வி நேரமும் இந்த இரண்டாவது நிலைக்கு உதவுகின்றன. திறந்த மனம் மட்டும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு இதுவரை கண்ட அனுபவம் முழு ஆதரவு தரவில்லை.

புதுச்சேரியிலோ பக்கத்திலோ அடுத்த மாநாடு நடக்கும்போது வந்தவர் எண்ணிக்கை செய்தியாகும். அதை மட்டும் கொண்டு வெற்றி தோல்வி சொல்ல முடியாது. முதன்முறை வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தார்கள், முதல் திருத்தம் அனுப்பியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதையும் அனுப்பினார்கள் என்று ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்ப்பது இன்னும் நம்பகமான அளவுகோல். அமைப்பாளர்கள் இந்த இரண்டு எண்களையும் குறித்துவைத்து வெளியிட்டால், அடுத்து நடத்துபவர்களுக்கு அது பயன்படும்.